பன்னிரண்டா, இருபத்தொன்றா?

கூடைப்பந்து நடுவராக விசிலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மூன்று வருடம் நான் மைதானத்து ஓரத்தில், கணக்கு எழுதும் டேபிளில் உட்கார்ந்திருந்தவன். ஸ்கோரர். ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா, முன்னால் ஒரு ஸ்கோர் ஷீட், வலப்பக்கத்தில் ஸ்கோர்போர்டு ஓட்டும் உதவி ஸ்கோரர், இடப்பக்கத்தில் டைமர், அதற்கும் அந்தப் பக்கம் ஷாட் கிளாக் ஆபரேட்டர். அந்த மூன்று வருடத்தில் நான் செய்த தவறுகளில் பல யாருக்கும் தெரியாமலே சரியாகிவிட்டன. ஒன்று மட்டும் அரங்கம் முழுக்கத் தெரிந்துபோனது. அதைச் சொல்லிவிட்டால் மீதியைப் பேசுவது சுலபம்.

மூன்றாவது குவார்ட்டர், ஆட்டம் நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கூடைக்கு அடியில் ஒரு தள்ளுமுள்ளு, விசில். நடுவர் முஷ்டியை உயர்த்தினார், கடிகாரம் நின்றது. அதுவரை எல்லாம் சரி. அப்புறம் அவர் எங்களை நோக்கி நடந்து வரவில்லை, அடுத்து நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே ஒரு கையில் ஒரு விரலும் இன்னொரு கையில் இரண்டு விரலும் காட்டினார். ஓடுகிற மனிதரின் எந்தக் கை முதல், எந்தக் கை இரண்டாவது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த அணியில் 12-ம் இருந்தார், 21-ம் இருந்தார். நான் 12 என்று எழுதினேன். அவருக்கு அது நான்காவது ஃபவுல், ஐந்து ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியே. நான்காம் அட்டையைத் தூக்கிக் காட்டினேன், கோச் "நாலா?" என்று ஒரு முறை கேட்டார், பக்கத்தில் நின்ற இன்னொரு நடுவர் "டேபிள் நாலுன்னு சொல்றாங்க" என்றார், கோச் அடுத்த நிமிடமே 12-ஐ வெளியே எடுத்து உட்கார வைத்துவிட்டார்.

12 அந்த அணியின் முக்கியமான கார்டு, பந்தை முன்னெடுத்துச் செல்பவர். கடைசி குவார்ட்டரில் ஐந்து நிமிடம் மீதி இருக்கும்போதுதான் திரும்ப உள்ளே வந்தார். வந்த சிறிது நேரத்தில் ஒரு ஃபவுல். நான் சிவப்பு எண் எழுதிய ஐந்தாம் அட்டையைத் தூக்கினேன். கோச் பெஞ்சிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அவருடைய உதவி கோச் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார், அதில் 12-க்கு நான்குதான்.

நல்லவேளை, எங்களைக் காப்பாற்றியது பேனாவின் நிறம். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் முறையில் எழுதும் ஸ்கோர் ஷீட்டில் முதல் குவார்ட்டருக்கும் மூன்றாவதுக்கும் சிவப்பு, இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நீலம் அல்லது கறுப்பு. இடைவேளையில், அதுவரை நிரம்பிய கட்டங்களுக்கும் காலிக் கட்டங்களுக்கும் நடுவில் ஒரு தடித்த கோடு போட வேண்டும். வெறும் அழகுக்காகச் செய்வது என்று நான் முதலில் நினைத்திருந்த விஷயம். 12-ன் வரிசையில் அந்தக் கோட்டுக்கு அப்புறம் இரண்டு சிவப்பு இருந்தது, அவர்கள் நோட்டில் மூன்றாவது குவார்ட்டருக்கு ஒன்றுதான் இருந்தது. அப்படியானால் சிக்கல் மூன்றாவது குவார்ட்டரில். உடனே அந்த நடுவர் சொன்னார், "மூணாவதுல நான் 21 மேல ஒண்ணு கொடுத்தேனே, கூடைக்கு அடியில." 21-ன் வரிசையில் சிவப்பே இல்லை. அவ்வளவுதான். 12-ன் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து 21-க்கு மாற்றி எழுதினோம், 12 ஆட்டத்தில் தொடர்ந்தார்.

விதிப்படி அது சரியான திருத்தம்தான். புள்ளி, ஃபவுல் எண்ணிக்கை, டைம்அவுட் எண்ணிக்கை இவற்றை எழுதியதில் உள்ள தவறை, தலைமை நடுவர் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடும் வரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் 12 பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை எந்தத் திருத்தம் திருப்பிக் கொடுக்கும்? அந்த அணி தோற்றது. அதனால்தான் தோற்றது என்று சொல்ல மாட்டேன், அதனால் இல்லை என்றும் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

பிறகு நடுவருக்கான பாடங்களைப் படிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. ஃபிபா சைகையில் பன்னிரண்டும் இருபத்தொன்றும் துளிகூட ஒன்று போல இருக்காது. 11 முதல் 15 வரை வலது கை மூடிய முஷ்டி, இடது கையில் மீதி விரல்கள். முஷ்டி என்றால் பத்து. ஆகவே 12 என்பது ஒரு முஷ்டியும் இரண்டு விரலும். 16-லிருந்து முறை மாறுகிறது. முதலில் கையின் பின்புறம் டேபிளுக்குத் தெரியும்படி பத்தாம் இட எண், அப்புறம் உள்ளங்கை தெரியும்படி ஒன்றாம் இட எண். 21 என்றால் புறங்கையில் இரண்டு, பிறகு உள்ளங்கையில் ஒன்று. இரண்டு அசைவு, நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். அன்று அவர் காட்டியது இந்த இரண்டில் எதுவுமே இல்லை. புரியாத சைகையைப் புரிந்த மாதிரி எழுதியது என் தவறு, புரியும்படி காட்டாதது அவர் தவறு. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். (அவரைக் கேட்டால் எழுபது முப்பது என்பார்.)

இந்த எண் விவகாரமே ஒரு தனிக் கதை. முன்பெல்லாம் ஃபிபாவின் போட்டிகளில் ஜெர்சி எண் 4-ல் தொடங்கி 15-ல் முடிந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று விரல்கள் ஏற்கெனவே புள்ளிக்கும், தடுப்பில்லாமல் கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோவுக்கும் வேண்டியிருக்கின்றன, அதனால் அந்த எண்களை ஜெர்சியில் விட்டுவிட்டால் டேபிளுக்குக் குழப்பம் இல்லை என்பது நடுவர்கள் சொல்லும் விளக்கம். 2014-ல் கதவைத் திறந்துவிட்டார்கள். 0, 00, 1 முதல் 99 வரை எதை வேண்டுமானாலும் போடலாம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். ஜெர்சி எண்ணில் 5-க்கு மேற்பட்ட இலக்கமே வரக்கூடாது, ஒரு கையில் இருப்பது ஐந்து விரல்தானே. 34 உண்டு, 36 கிடையாது. அங்கேயும் 2023-24 சீசனிலிருந்து அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. ஆட்டக்காரர்களுக்குச் சந்தோஷம், ரசிகர்களுக்குச் சந்தோஷம். விரலை எண்ணி எழுதுகிறவரை யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

இப்போது நான் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு முறை ஃபவுல் கொடுத்துவிட்டு டேபிளை நோக்கித் திரும்பும்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்வது இதுதான்: அங்கே உட்கார்ந்திருப்பவர் ஃபவுலைப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தாலும் அதை வைத்து எழுதக்கூடாது. பத்துப் பேர் ஒரே குவியலாக இருக்கும் இடத்தில் யார் கை யார் மேல் பட்டது என்பது அவர் வேலை இல்லை. அவருக்குக் கிடைப்பது என் இரண்டு கையும் என் குரலும் மட்டும்தான். நல்ல ஸ்கோரர் விசில் கேட்டதும் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நடுவரின் முகத்தையும் கையையும் மட்டும் பார்ப்பார். ரசிகன் மாதிரி ரீப்ளே பார்க்கத் தலையைத் திருப்பும் ஸ்கோரரிடம்தான் பயப்பட வேண்டும்.

சொல்ல வேண்டியது மூன்று விஷயம், அந்த வரிசையில். யார், என்ன ஃபவுல், அதற்கு என்ன பலன். எண், பிறகு வகை, பிறகு ஃப்ரீ த்ரோ எத்தனை அல்லது பந்து எந்தப் பக்கம். குடும்பச் சண்டையில் யார் என்ன சொன்னார்கள் என்று கதை சொல்வது மாதிரி இதை நீட்டி நடித்துக் காட்டும் நடுவர்கள் இருக்கிறார்கள், ஃபவுல் செய்தவரை விட இவர் அதிகமாகக் கையை வீசுவார். இன்னொரு வகை, மூன்றையும் ஒரே மூச்சில் கலந்துகட்டிக் காட்டிவிட்டு ஓடுகிறவர். இரண்டுமே ஸ்கோரருக்குத் தொல்லை. நின்று, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஒரு மூச்சு விட்டுவிட்டுக் காட்டினால் போதும். வாயாலும் சொல்ல வேண்டும், இரைச்சலில் காதில் விழாவிட்டாலும் உதடு அசைவு உதவும். எங்கே நிற்கிறோம் என்பதை விட நமக்கும் டேபிளுக்கும் நடுவில் யாரும் இல்லை என்பது முக்கியம். ஒரு உயரமான ஆட்டக்காரர் என் வலது கைக்கு முன்னால் நடந்து போனால் முஷ்டி மறைந்துவிடும். 15 அங்கே 5 ஆகிவிடும். அந்த அணியில் 5-ம் இருந்தால் தவறு நடந்ததே தெரியாது.

வகையில் எனக்குப் பிடித்த பொறி ஒன்று உண்டு. பிடித்து நிறுத்தினால், அதாவது ஹோல்டிங், நடுவர் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக் கையைக் கீழ்நோக்கி வைத்துக் காட்டுவார். விளையாட்டு உணர்வுக்கு மாறான, அதாவது அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுலுக்கும் அதே மணிக்கட்டுப் பிடிதான், கை மேல்நோக்கி. மார்புக்கு நேராக, மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் அதைச் செய்கிற நடுவரைப் பார்த்த ஸ்கோரர் என்ன எழுதுவார்? ஒன்றுக்கு வெறும் 'பி', இன்னொன்றுக்கு 'யு2', இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் எதிரணிக்கே. அதோடு முடியவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக், அல்லது இரண்டு டெக்னிக்கல் (ஆள் மேல் படாமல், நடத்தைக்காக வாங்கும் ஃபவுல்), அல்லது ஒவ்வொன்றும் ஒன்று சேர்ந்தால் அவர் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். இந்தக் கணக்கை மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நடுவர் மறக்கலாம், காகிதம் மறக்காது. மறக்கக்கூடாது என்றுதான் சரியாகச் சொல்ல வேண்டும்.

காகிதத்தில் எழுதுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சாதாரண ஃபவுலுக்கு 'பி', ஃப்ரீ த்ரோ உண்டென்றால் பக்கத்தில் 1, 2 அல்லது 3. டெக்னிக்கலுக்கு 'டி1'. கோச் தானே நடந்துகொண்ட விதத்துக்கு வாங்கினால் 'சி1', பெஞ்சில் இருப்பவர்களுக்காக வாங்கினால் 'பி1', ஆனால் இந்த 'பி' வேறு எழுத்து, ஆங்கில வரிசையில் இரண்டாவது. கையெழுத்து மோசமாக உள்ளவர்களுக்கு இது ஒரு சோதனை. நான் அந்த வகை.

குழப்பம் வருவது அணிக் கணக்கில். ஒரு குவார்ட்டரில் ஒரு அணிக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டால், அடுத்து வருகிற தற்காப்பு ஃபவுல் ஒவ்வொன்றுக்கும், ஃபவுலுக்கு ஆளானவர் ஷூட் செய்யாவிட்டாலும், இரண்டு ஃப்ரீ த்ரோ. நான்காவது முடிந்து பந்து மறுபடி ஆட்டத்துக்கு வந்ததும் அந்த அணியின் பெஞ்சுப் பக்க முனையில் டேபிள் மேல் ஒரு சிவப்பு அடையாளத்தை வைக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் பந்து வைத்திருக்கும் அணி செய்கிற ஃபவுலும் இந்த எண்ணிக்கையில் சேரும், ஆனால் அதற்கு ஃப்ரீ த்ரோ கிடையாது, ஐந்தாவதாக இருந்தாலும் எட்டாவதாக இருந்தாலும். மைதானத்தில் உள்ள ஆட்டக்காரர் வாங்கும் டெக்னிக்கல் அணிக் கணக்கில் சேரும், கோச் வாங்கினால் சேராது. ஆட்டம் சூடாகி கோச் கத்தி ஒரு டெக்னிக்கல் வாங்கியதும் ஸ்கோர்போர்டு ஆபரேட்டர் அனிச்சையாக ஒன்றைக் கூட்டிவிடுவார். காகிதத்தில் மூன்று, போர்டில் நான்கு. அடுத்த ஃபவுலில் போர்டைப் பார்த்து ரசிகர்கள் ஃப்ரீ த்ரோ கேட்பார்கள், கோச் கேட்பார், சில நடுவர்களும் தடுமாறுவார்கள். போர்டும் ஷீட்டும் ஒத்துப்போகாமல், எது சரி என்று வேறு வழியில் தீர்க்கவும் முடியாவிட்டால், ஷீட் சொல்வதுதான். ஆனாலும் இந்த இரண்டும் பிரிந்த நொடியிலேயே உதவி ஸ்கோரர் கவனித்துவிட்டால் சண்டையே இல்லை.

நான் பார்த்த நல்ல டேபிள்களில் ஒரு பழக்கம் உண்டு. நடுவர் எண்ணைக் காட்டியதும் ஸ்கோரர் சத்தமாகச் சொல்வார், "இருபத்தொண்ணு, மூணாவது, டீம் நாலு." உதவி ஸ்கோரர் போர்டில் ஏற்றிவிட்டு அதையே திருப்பிச் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாக இல்லாவிட்டால் உடனே தெரிந்துவிடும். அதற்கு அப்புறம்தான் ஸ்கோரர் கட்டைவிரலை உயர்த்துவார், நடுவர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். நான் டேபிளில் இருந்த காலத்தில் என் விரலுக்காகக் காத்திருந்த நடுவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். இப்போது நான் காத்திருக்கிறேன், சில சமயம் கூட வேலை செய்யும் நடுவர் "சீக்கிரம் வாப்பா" என்கிற மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

ஹார்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. தவறு கண்டுபிடித்த பதற்றத்தில் ஆட்டம் ஓடும்போதே ஹார்னை அமுக்கிவிடுவது புதிய ஸ்கோரர்களின் முதல் பாவம். பந்து செத்து, அதாவது ஆட்டம் நின்று, கடிகாரமும் நின்ற பிறகுதான் கூப்பிட வேண்டும். ஒரு அணி தனியாக ஓடிப்போய் லே-அப் போடும் நேரத்தில் டேபிளிலிருந்து ஒரு அலறல் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில், அமெரிக்காவின் டக் காலின்ஸ் இரண்டாவது ஃப்ரீ த்ரோவை எறியும் நேரத்தில் ஹார்ன் ஒலித்தது. மீதி இருந்தது மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியைத் திரும்பத் திரும்ப ஆட வைத்து, கடைசியில் சோவியத் அணி 51-50 என்று ஜெயித்தது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை. அது ஃபவுல் கணக்கு இல்லை, டைம்அவுட் விவகாரம். ஆனால் டேபிளும் நடுவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாத ஆட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

ஃபவுல் எண்ணிக்கையிலேயே என் 12-21 கதையை விடப் பெரிய கதை அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் இருக்கிறது. அங்கே ஆறு ஃபவுலுக்குத்தான் வெளியே. 2007 டிசம்பர் 19, அட்லாண்டாவில் ஹாக்ஸும் மயாமி ஹீட்டும் ஆடிய ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது. 51.9 விநாடி மீதி இருக்கும்போது ஷகீல் ஓ'நீல் ஒரு ஃபவுல் செய்தார், டேபிள் அதை ஆறாவது என்றது, அவர் போய் உட்கார்ந்தார். உண்மையில் அது ஐந்தாவது. அதற்கு முன்னால் உடோனிஸ் ஹஸ்லெம் செய்த ஒரு ஃபவுலை ஓ'நீல் கணக்கில் ஏற்றியிருந்தார்கள். ஹாக்ஸ் 117-111 என்று ஜெயித்தது. ஹீட் முறையிட, லீக் அந்த முடிவை ரத்து செய்து, ஹாக்ஸுக்கு 50,000 டாலர் அபராதம் போட்டு, அந்த 51.9 விநாடியை மறுபடி ஆடச் சொன்னது. என்பிஏவில் அப்படி மறு ஆட்டம் நடந்தது கால் நூற்றாண்டுக்குப் பிறகு அப்போதுதான்.

வேடிக்கை என்னவென்றால், மறு ஆட்டம் 2008 மார்ச் 8-ல் நடந்தபோது ஓ'நீல் மயாமியிலேயே இல்லை, பிப்ரவரியில் ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டார். யாருக்கு அநியாயம் நடந்ததோ அவர் இல்லாமலே நீதி வழங்கினார்கள். அந்த 51.9 விநாடியில் இரண்டு அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, 114-111 என்று ஹாக்ஸே மறுபடி ஜெயித்தது. முழு அரங்கம், தொலைக்காட்சி, சம்பளம் வாங்கும் புள்ளிவிவரக் குழு எல்லாம் இருக்கிற இடத்தில் இப்படி. என்னுடைய சிவப்புப் பேனாவை நான் கொஞ்சம் மன்னித்துக்கொண்டது இதைப் படித்த பிறகுதான்.

இந்த வேலையை ஏன் இரண்டாகப் பிரித்தார்கள் என்று சில நாள் யோசிப்பேன். 1891-ல் ஜேம்ஸ் நைஸ்மித் எழுதிய 13 விதிகளில் டேபிள் என்று ஒன்று இல்லை. அம்பயர் ஆட்களைக் கவனித்து ஃபவுலைக் குறித்துக்கொள்வார், ஒரு அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் ரெஃப்ரியிடம் சொல்வார், எதிரணிக்கு ஒரு கோல். இரண்டாவது ஃபவுல் செய்தவர் அடுத்த கோல் விழும்வரை வெளியே. ரெஃப்ரி பந்தைப் பார்த்துக்கொண்டு, நேரத்தையும் அவரே பார்த்து, கோல்களையும் அவரே எண்ணுவார். ஓடி, விசில் ஊதி, எண்ணி, நேரம் பார்த்து... இன்றைய வேகத்தில் முடிகிற காரியமா? அதனால் கண் மைதானத்தில், நினைவு டேபிளில் என்று பிரிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது என் பத்து விரல்.

ஐந்தாவது ஃபவுலை எப்படிக் கையாளுகிறோம் என்பதில் ஒரு டேபிளின் தரம் தெரிந்துவிடும். ஸ்கோரர் உடனே நடுவரிடம் சொல்ல வேண்டும், நடுவர்தான் கோச்சிடமும் ஆட்டக்காரரிடமும் சொல்ல வேண்டும், 30 விநாடிக்குள் மாற்று ஆள் உள்ளே வர வேண்டும். ஸ்கோரர் நேராக ஆட்டக்காரரைப் பார்த்து "நீ அவுட்" என்று கையைக் காட்டினால் அங்கே தீப்பிடித்துவிடும், நான் ஒரு முறை காட்டிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதை விட மோசம் சொல்ல மறந்துவிடுவது. ஐந்து ஆனவர் தெரியாமல் உள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், கண்டுபிடித்ததும் அவரை வெளியே அனுப்புவோம், ஆனால் இடையில் அவர் போட்ட புள்ளி நிற்கும். அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவர் மேல் என்ன குற்றம்? எதிரணி கோச்சுக்கு இதை விளக்குவது மட்டும் உலகத்தின் மிகக் கஷ்டமான வேலைகளில் ஒன்று. விதி உங்கள் பக்கம் இருக்கும், அவருடைய முகம் உங்கள் பக்கம் இருக்காது.

மூன்று, நான்கு என்று எண்ணிக்கை ஏறியிருப்பவர்களைப் பற்றி நடுவருக்கு டேபிள் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா என்று ஒரு விவாதம் எங்களுக்குள் நடக்கும். எனக்கு வேண்டாம். யாருக்கு எத்தனை என்று தெரிந்தால் விசில் தயங்கும், அல்லது தயங்கக்கூடாது என்று அவசரப்படும். ஃபவுல் என்றால் ஃபவுல், எண்ணிக்கை டேபிளோடு இருக்கட்டும். எதிர்க்கருத்து உள்ளவர்களும் நல்ல நடுவர்கள்தான், ஆட்டத்தின் போக்கு தெரிந்தால்தான் நிர்வகிக்க முடியும் என்பார்கள். அணிக் கணக்கு வேறு விஷயம், அது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். நான்கு ஆகிவிட்டதா என்று தெரியாமல் பந்தை ஓரத்தில் கொடுத்துவிட்டால், ஃப்ரீ த்ரோ கிடைக்க வேண்டிய அணிக்கு அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இருப்பது குறுகிய அவகாசம். கடிகாரம் ஓடத் தொடங்கி, முதல் முறை பந்து சாகும் வரை, பிறகு அது மறுபடி உயிர்பெறும் முன். அதைத் தாண்டினால் போனது போனதுதான். எழுத்துத் தவறைக் கையெழுத்துப் போடும் வரை திருத்தலாம், ஃப்ரீ த்ரோவை மறந்த தவறை அப்படித் திருத்த முடியாது என்பது பல கோச்சுகளுக்கே தெரியாது.

இப்போது பல இடங்களில் காகிதத்துக்குப் பதில் டேப்லெட் வந்துவிட்டது. எண்ணைத் தொட்டால் ஃபவுல் ஏறிவிடும், நேரமும் தானாகவே பதிவாகும், பேனா நிறத்தை வைத்துத் துப்பறிய வேண்டியதில்லை. நல்லதுதான். ஆனால் திரையில் 12-ம் 13-ம் ஒட்டி ஒட்டி இருக்கும், விரல் தடித்தவர்களுக்கு அது வேறு வகைப் பொறி. பேனாவால் எழுதும்போது கை ஒரு நொடி நிற்கும், அந்த நொடியில் மூளை "சரிதானா" என்று கேட்கும். தொடுதிரையில் அந்த நொடி இல்லை. நான் பழைய ஆள், அப்படித்தான் சொல்வேன்.

ஆட்டத்துக்கு முன் நான் டேபிளுக்குப் போய் ஐந்து நிமிடம் பேசுவேன். ஸ்கோரருக்கு இது எத்தனையாவது ஆட்டம் என்று கேட்பேன், அவரைச் சோதிக்க இல்லை, எவ்வளவு மெதுவாகக் காட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள. ஒரே மாதிரி குழப்பும் எண்கள் எந்த அணியில் இருக்கின்றன என்று சேர்ந்து பார்ப்போம். அப்புறம் ஒன்று சொல்வேன்: சந்தேகம் வந்தால் கையைத் தூக்குங்கள், நான் திரும்பக் காட்டுகிறேன், கோபப்பட மாட்டேன். கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொல்வேன். நான் டேபிளில் இருந்தபோது அதை என்னிடம் யாரும் சொன்னதில்லை, அதனால்தான் அன்று வாயை மூடிக்கொண்டு 12 என்று எழுதினேன்.

போன மாதம் ஒரு ஆட்டம். ஸ்கோரராக ஒரு இளம்பெண், இரண்டாவது ஆட்டம் என்றார். இரண்டாவது குவார்ட்டரில் ஒரு பிளாக்கிங் ஃபவுல் கொடுத்துவிட்டு, நின்று, மூச்சு விட்டு, தெளிவாக ஒரு முஷ்டி, நான்கு விரல், பிறகு இரண்டு கையும் இடுப்பில், பிறகு திசை. பாடப் புத்தகத்தில் படம் போடலாம் போல அவ்வளவு சுத்தம். கட்டைவிரலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவர் ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைத் தூக்கினார். எனக்கு உள்ளுக்குள் லேசாக எரிச்சல், இதை விடத் தெளிவாக எப்படிக் காட்டுவது? திரும்ப முஷ்டி, திரும்ப நான்கு.

அவர் தலையை ஆட்டினார். "சார், வெள்ளையில பதினாலே இல்லையே."

திரும்பிப் பார்த்தேன். ஃபவுல் செய்தவர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார், முதுகில் 41.

புறங்கையில் நான்கு, உள்ளங்கையில் ஒன்று. அவர் எழுதினார், பக்கத்தில் இருந்தவரிடம் "நாப்பத்தொண்ணு, ரெண்டாவது" என்று சத்தமாகச் சொன்னார், அப்புறம்தான் கட்டைவிரலைத் தூக்கினார். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்ட பிறகு ஷீட் கடைசியாக என்னிடம் வந்தது. கையெழுத்துப் போடுமுன் 41-ன் வரிசையை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் நீலத்தில் ஒரு 'பி', அழகான கையெழுத்து.